மச்சாது வீட்டுக் கோட்டு

எங்க கோரைத்துறையில முறை கூவுறதுன்னு ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாம இந்தக் கதையத் தொடங்கவே முடியாது, ஏன்னா அந்தப் பாழாப்போன வழக்கத்தால வந்ததுதான் இத்தனையும். காலையில கோயில்ல பூசை முடிஞ்ச கையோட, தோணிச் சங்கத்து ஆளு தஸ்நேவிசு துறைக்கல்லு மேல ஏறி நின்னு, அன்னைக்கு எந்தத் தோணிக்குச் சரக்கு ஏத்துற முறையோ, எந்தத் தோணிக்கு இறக்குற முறையோ, அந்தத் தோணி முதலாளி பேரை மூணு தரம் கூவுவாரு. முதலாளி கூட்டத்துல நின்னு 'இருக்கேன்'னு வாயால பதில் சொல்லணும். சொன்னாத்தான் ஒரு மூட்டையத் தொடலாம், சொல்லலேன்னா முறை அடுத்தவனுக்குப் போயிரும். காய்ச்சல்ல கெடந்தவனைக் கட்டிலோட தூக்கிட்டு வந்து, 'இருக்கேன்'னு முனகவச்சு, அதே கட்டிலோட திருப்பிக் கொண்டுபோனதை எல்லாம் நான் கண்ணால பாத்திருக்கேன்.

என் பேரு தொம்மை. மச்சாது தோணியில பண்டாரி, அதாவது நடுக்கடல்லயும் பதினோரு பேருக்குச் சோறு பொங்குற சமையக்காரன். எங்க முதலாளி கபிரியேல் மச்சாது நல்ல மனுசன், பொய் சொல்லக்கூடாது, ஒருத்தரை வைஞ்சு பேசினதில்ல. ஆனா அவர் செஞ்ச தொழில் என்னன்னு கேட்டா, சித்திரை வெயில்லயும் கழட்டாத ஒரு கறுப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டு துறைக்கு வந்து 'இருக்கேன்'னு சொல்லுறது ஒண்ணுதான். எந்தக் காத்துக்குப் பாய் ஏத்தணும், கொழும்புக்கு இந்த நடை வெங்காயமா கருவாடா, திரும்பையில ஓடு ஏத்தலாமா தேங்கா ஏத்தலாமா, எந்த வியாபாரி வார்த்தை நிக்கும், எவன் வார்த்தை வழுக்கும், இதெல்லாம் அவர் சம்சாரம் கித்தேரியம்மா சரக்கு வைக்கிற கிட்டங்கி முற்றத்துல உக்காந்து முடிவு பண்ணுறது. பிள்ளைகுட்டி கெடையாது. தோணிதான் அவங்களுக்கு எல்லாம்.

ஒரு மாசியில மச்சாது முதலாளி மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எந்திரிக்கல. அடக்கம் பண்ணி, எட்டாம் நாள் பூசை வச்சு, ஒன்பதாம் நாள் கித்தேரியம்மா வெள்ளைச் சீலையோட துறைக்கு வந்து நின்னாங்க. தஸ்நேவிசு கல்லு மேல ஏறி, "மச்சாது தோணி!"ன்னு கூவினாரு. இவங்க "இருக்கேன்"னாங்க. அவரு காக்கா கத்தின திசையப் பாக்குற மாதிரி ஒரு பார்வை பாத்துட்டு ரெண்டாந் தரம் கூவினாரு, இவங்களும் ரெண்டாந் தரம் சொன்னாங்க. மூணாந் தரமும் கூவி, மூணாந் தரமும் இவங்க சொல்லி முடிச்சப்புறம், "ஆளில்லை, அடுத்த தோணி"ன்னுட்டாரு.

"தஸ்நேவிசண்ணே, உங்க மூஞ்சிக்கு முன்னாடிதான நிக்கேன்?"

"நிக்கீங்கம்மா, தெரியுது. முதலாளி இல்லையே."

"முதலாளி நான்தான். இந்தத் தோணிக்கு மரம் பாத்தது நான், பாய் வாங்குனது நான்."

"யாரு இல்லேன்னா? ஆனா பொம்பளை 'இருக்கேன்'னு சொல்லி இந்தத் துறையில இதுவரைக்கும் ஒரு தோணியும் போனதில்லையே."

"சொல்ல விட்டாத்தானவே போகும்!"

நாப்பது நாள் இதே கூத்து. நாப்பது நாளும் அந்த அம்மா விடிஞ்சதும் வந்து நின்னு ஒரே வார்த்தையச் சொன்னாங்க, நாப்பது நாளும் அந்த வார்த்தை மணல்ல விழுந்து போச்சு. கரையில ஏத்திப் போட்ட தோணி வெயில்ல காஞ்சு பலகைக்குப் பலகை விரல் நுழையுற அளவுக்கு வாய் திறந்துருச்சு. எங்க பதினோரு குடும்பத்துலயும் அடுப்புல பூனை தூங்குச்சு. எவன்கிட்டப் போய்ச் சொல்ல? சங்கத்துக்காரங்களைக் கேட்டா, "எங்களுக்கு மட்டும் ஆசையா, வழக்கம் அப்படி"ம்பாங்க. வழக்கத்தைக் கேக்கலாம்னா அதுக்கு வீடு வாசல் கெடையாது.

நாப்பத்தியோராம் நாள் காலையில நான் கிட்டங்கியில உக்காந்து வெங்காயத்துல அழுகல் பொறுக்கிட்டிருந்தேன். செத்த முதலாளியோட கறுப்புக் கோட்டு ஆணியில தொங்கிட்டிருந்துச்சு. அது ஆணிய விட்டு இறங்கி, கீழ இருந்து மேல வரைக்கும் பித்தானை ஒண்ணொண்ணா மாட்டி, கழுத்துப் பட்டையை நேரா இழுத்து விட்டுக்கிட்டு, மனுசன் ஒசரத்துல, தலையும் இல்லாம காலும் இல்லாம, கைய வீசி வாசலைத் தாண்டிப் போச்சு. நான் பழக்கத்துல, "முதலாளி, வெயிலு ஏறுது, குடை எடுத்துக்கிடுங்க"ன்னேன். அது எடுக்கல.

துறையில ஆளுங்க வழி விட்டாங்க. தஸ்நேவிசு "மச்சாது தோணி!"ன்னு கூவ, கோட்டு வலது கையைத் தூக்குச்சு. அவரு ஒரு மூச்சு யோசிச்சாரு. அப்புறம், "சரி, ஏத்துங்கல!"ன்னாரு. கூட்டம் முழுக்க அப்பாடான்னு ஒரு பெருமூச்சு விட்டுச்சு, ஏன்னா அதுவரைக்கும் அவங்களுக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்திருக்கு.

கித்தேரியம்மா விடல. "வாயால சொல்லணும்னுதான வழக்கம்?"

"கோட்டுக்கு ஏதும்மா வாயி? இருக்குற கையைத் தூக்குச்சே, அதுவே பெரிய மனுசத்தனம்."

அன்னையிலிருந்து எங்க ஊர்ல கோட்டு ஒரு ஆளாயிருச்சு. டீக்கடையில அதுக்குன்னு ஒரு பெஞ்சி, ஒரு கிளாசு. டீ ஊத்தி வைப்பாங்க, அது ஆறி ஆடை கட்டினதும், "முதலாளி அரைச் சீனிதான் போடச் சொல்வாரு, இன்னைக்கு இனிப்புக் கூடிப்போச்சு போல"ன்னு சொல்லி எடுத்துருவாங்க. கோயில்ல ஆம்பளைங்க பக்கம் முன்வரிசையில நின்னுச்சு. கல்யாண வீட்டுல இலை போட்டாங்க. பொண்ணு பாக்கப் போறவங்க, பேச்சு வலுவா இருக்கணும்னு அதையும் கூட்டிட்டுப் போனாங்க, ரெண்டு சம்பந்தம் அது பேசாம இருந்ததாலேயே முடிஞ்சுது. வண்ணாரு மட்டும், "உள்ள யாரும் இருந்து துவைக்கையில கல்லுல அடிபட்டா நான் பொறுப்பில்லய்யா"ன்னு கைய விரிச்சுட்டாரு, அதனால வெயில்ல நிக்கவச்சுத் தூசி தட்டுறதோட சரி.

பொம்பளைங்களுக்குத்தான் ஒரு சந்தேகம் வந்துச்சு. கோட்டு மச்சாதுன்னா கித்தேரியம்மா எதுக்கு வெள்ளைச் சீலையில இருக்கா? மச்சாது இல்லேன்னா அதுக்கு எதுக்கு முறை? கெணத்தடியில ரெண்டு கட்சியா நின்னு பானை உடையுற அளவுக்குச் சண்டை. கடைசியில கித்தேரியம்மாவே பங்குச் சாமியார்கிட்டப் போயி, "சாமி, நீங்களே சொல்லுங்க, அது எம்புருசனா, இல்லையா?"ன்னு கேட்டாங்க. சாமியார் மூணு நாள் தவணை வாங்கி, புத்தகமெல்லாம் புரட்டி, ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்துல தீர்ப்பு சொன்னாரு: துறைமுக விசயத்துக்கு அது புருசன், வீட்டு விசயத்துக்குத் துணி. எல்லாருக்கும் திருப்தி. கித்தேரியம்மா மட்டும் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, பாதிப் பூசையில எந்திரிச்சு வெளிய போனாங்க.

இப்படியே பத்து வருசம். வெடிச்ச தோணிய அந்த அம்மா பஞ்சும் குங்கிலியமும் வச்சு அடைச்சு, பாய்மரத்தை ஒசத்தி, எங்க கரையிலயே பெரிய தோணியா ஆக்குனாங்க. மத்தவன் எல்லாம் வெங்காயத்தை வெங்காயத்தோட போட்டு அழுகவிட்டப்ப, நடுவுல பனையோலைத் தடுக்கு வச்சு அடுக்கச் சொன்னது அவங்க. ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? "பேசாம இருந்தே என்னமா யோசிக்காரு பாருவே மச்சாது!" சங்கத்துக்குத் தலைவரா கோட்டைத்தான் போட்டாங்க. அம்மா ஒரு யோசனை சொன்னா எவனும் காது குடுக்க மாட்டான், அதே யோசனைய இவங்க கோட்டுக்குப் பக்கத்துல நின்னு சொன்னா, அத்தனை பேரும் கோட்டைப் பாத்துத் தலையாட்டுவான். எனக்கு வயிறு எரியும். எரிஞ்சு என்ன செய்ய? நானும் தினம் காலையில அந்தத் துணிக்கு வணக்கம் போட்டவன்தான்.

ஒரு தரம் பொறுக்கமாட்டாம அம்மாவே அந்தக் கோட்டை எடுத்து மேல மாட்டிக்கிட்டுத் துறையில வந்து நின்னாங்க. தஸ்நேவிசு பேரைக் கூவல, கல்லுல இருந்து இறங்கி வந்து, ரொம்பப் பணிவா, "அம்மா, முதலாளி மேல இருந்து கொஞ்சம் இறங்குங்க"ன்னாரு.

இன்னொரு தரம் நார்வேங்கிற தேசத்துல இருந்து மரம் ஏத்தின கப்பல் ஒண்ணு தூரத்துல நங்கூரம் போட்டுச்சு. அந்த ஊர்ல கடலே உறைஞ்சு போகுமாம். அதோட கேப்டன், செக்கச் செவேல்னு ஒரு மனுசன், மொழி மாத்திச் சொல்லுற துபாசிய வச்சுக்கிட்டு நேரா கித்தேரியம்மாகிட்ட வந்து சரக்கு பேசினாரு, கோட்டைத் திரும்பிக்கூடப் பாக்கல. "எங்க ஊர்லயும் ஒரு விதவை அம்மாதான் கப்பல், மரம், மீனு எல்லாத்தையும் ஆளுறாங்க"ன்னாரு. கித்தேரியம்மா முகத்துல அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பாத்ததே இல்ல. "அந்த ஊர்த் துறையில அவங்க பேரைச் சொல்லிக் கூவுவாங்களான்னு கேளுங்க"ன்னாங்க. துபாசி கேட்டான். கேப்டன் தாடியச் சொறிஞ்சு யோசிச்சுட்டுச் சொன்னதை அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கப்பல் மேல அவங்க வீட்டுக்காரர் பேருதான் எழுதியிருக்காம்." அன்னைக்குச் சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "உலகம் முழுக்க ஆணி அடிச்சுக் கோட்டு மாட்டி வச்சிருக்கானுவ தொம்மை"ன்னாங்க.

அப்புறம் வந்துச்சு அந்தப் பஞ்சம். ரெண்டு வருசம் மழை பொய்ச்சு, கம்பங்கூழும் தீந்து, பனங்கிழங்கும் தீந்து, பிள்ளைங்க புளியங்கொட்டை வறுத்துத் தின்னுச்சு. ரங்கூன் அரிசி கொழும்பு வரைக்கும் வந்து கெடக்கு, ஆழமில்லாத எங்க துறைக்குப் பெரிய கப்பல் வராது, தோணி போய்த்தான் கொண்டாரணும். ஆனா காத்து மாறுற காலம், சங்கம் தோணி எல்லாத்தையும் துறையிலயே கட்டிப் போட்டிருச்சு. "நடுவுல ஒரு பத்து நாள் காத்து அடங்கும், நான் இருவது வருசமாக் குறிச்சு வச்சிருக்கேன், இப்பப் போனாப் போயிரலாம்"னு கித்தேரியம்மா சங்கத்து வாசல்ல நின்னு தொண்டை கிழியச் சொன்னாங்க. சங்கம் கோட்டைக் கேட்டுச்சு. கோட்டு சும்மா இருந்துச்சு. "தலைவர் யோசிக்காரு, அவசரப்படுத்தக் கூடாது"ன்னு கலைஞ்சு போனாங்க.

மறுநாள் காலையில அந்த அம்மா சீலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு, முறையும் இல்லாம கூவலும் இல்லாம, எங்க தோணிய நோக்கித் தண்ணிக்குள்ள நடந்தாங்க. தோணி ஓட்டுற தண்டல் அருளப்பன் மறிச்சாரு.

"அம்மா, பொம்பளை ஏறுனா கடல் கோவிச்சுக்கிடும்பாங்க."

"கடல் இதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல அருளப்பா. எல்லாத்தையும் நீங்கதான் சொல்லுதீங்க."

அருளப்பன் தலையச் சொறிஞ்சாரு. அவர் வீட்டுலயும் புளியங்கொட்டைதான். கைய நீட்டித் தூக்கி விட்டாரு.

மொத நாள் முழுக்க அந்த அம்மா வாந்திதான். இஞ்சித் தண்ணி வச்சுக் குடுத்தேன். ரெண்டாம் நாள் எந்திரிச்சு உக்காந்து வானத்தைப் பாத்து, "பாயை ஒரு முழம் இறக்கு"ன்னாங்க, இறக்கின கொஞ்ச நேரத்துல அடிச்ச காத்துல, இறக்காம இருந்தா பாய்மரம் முறிஞ்சிருக்கும். கொழும்புல, பத்து வருசமாக் கடுதாசியில மட்டும் பழக்கமான அரிசிக்கடை முதலாளி, "மச்சாது வரலையா?"ன்னு கேட்டாரு. "வீட்டுல ஆணியில தொங்குது"ன்னாங்க. அந்த மனுசன் சிரிச்சுட்டாரு, நாங்க சிரிச்சோம், அம்மாவும் வயிறு குலுங்கச் சிரிச்சாங்க. திரும்பி வரும்போது அரிசி மூட்டை மேல உக்காந்து அழுதாங்க. "ஒரு வார்த்தை தொம்மை. பத்து வருசமா நான் கேக்கது ஒரே ஒரு வார்த்தை. என் பேரைக் கூவணும், நான் இருக்கேன்னு சொல்லணும். வேற என்னல கேட்டேன்?" நான் சோறு வேகுதான்னு பாக்கப் போயிட்டேன்.

பதினோராம் நாள் காலையில எங்க துறை தெரிஞ்சுது. ஊரே கரையில நின்னுச்சு, பானையும் பெட்டியும் கையுமா. பேண்டு வாத்தியம், சாமியார், சிலுவை, எல்லாம். பெரிய சம்பங்கி மாலை ஒண்ணு கட்டி வச்சிருந்தாங்க. அம்மா முந்தானைய எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. நாங்க நங்கூரம் போடுறதுக்குள்ள, அந்த மாலையக் கொண்டுபோயி ஊர்க்காரங்க கோட்டுக்குப் போட்டாங்க.

தஸ்நேவிசு கல்லு மேல ஏறினாரு. "மச்சாது தோணி!" அம்மா வாயத் திறந்தாங்க, அதுக்குள்ள கரையில மாலையோட கை ஒசந்துருச்சு.

அம்மா வாய மூடிக்கிட்டாங்க. அரிசி மூட்டை மேல போய்ச் சம்மணம் போட்டு உக்காந்தாங்க. "முதலாளி இருக்காருல்லா? அவரே வந்து இறக்கட்டும்"னாங்க. அருளப்பன் கம்பை எடுத்துக்கிட்டு தோணி விளிம்புல நின்னாரு, நாங்களும் நின்னோம்.

கோட்டு தண்ணி விளிம்பு வரைக்கும் வந்துச்சு. ஓரம் நனைஞ்சதும் நின்னுருச்சு.

தஸ்நேவிசுக்கு வேர்த்துருச்சு. "மச்சாது வீட்டுத் தோணி!"ன்னு கூவிப் பாத்தாரு. அம்மா அசையல. "மச்சாது சம்சாரம் தோணி!" அசையல. "மச்சாது முதலாளியம்மா தோணி!"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கூவினாரு. அம்மா கொட்டாவி விட்டாங்க. வெயில் உச்சிக்கு ஏறுச்சு. கண்ணுக்கு முன்னால அரிசி, கையில காலிப் பானை, பிள்ளைங்க அழ ஆரம்பிச்சுது. சங்கத்துக்காரங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க, ஒருத்தன் வாயிலயும் அந்தப் பேரு வரல. கடைசியில தஸ்நேவிசு பொண்டாட்டி சலேத்தம்மா, பானைய இடுப்புல வச்சுக்கிட்டுக் கல்லுகிட்ட வந்தா.

"யோவ், நீ கூவுதியா, இல்ல கீழ இறங்கு, நான் ஏறிக் கூவட்டா?"

தஸ்நேவிசு கண்ணை மூடிக்கிட்டு, "கித்தேரியம்மா தோணி"ன்னாரு.

"காதுல விழல"ன்னாங்க அம்மா. "மூணு தரமுல்லா கூவணும்? வழக்கம்னா வழக்கம்தான."

மூணு தரம் கூவினாரு. மூணாந் தரம் அவர் குரல் நிசமாவே ஊரு முழுக்கக் கேட்டுச்சு. அம்மா மூட்டை மேல எந்திரிச்சு நின்னு, "இருக்கேன்!"னாங்க. சொல்லையில பாதிதான் வெளிய வந்துச்சு. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு, அருளப்பனும் மூக்கைச் சிந்தினாரு, கரையில பொம்பளைங்க குலவை போட்டாங்க. அந்த ஒரு நிமிசம் எங்க ஊரு மேல எனக்கு இருந்த கோவமெல்லாம் போயிருச்சு, சத்தியமா.

அரிசி இறங்குச்சு. சாயங்காலம் வரைக்கும் அம்மா இடுப்பளவு தண்ணியில நின்னு, ஆளுக்கு இவ்வளவுன்னு அளந்து அனுப்பினாங்க. வாங்கினவன் ஒவ்வொருத்தனும் கரையேறி, கோட்டைத் தாண்டுறப்ப நின்னு, "நீங்க நல்லா இருக்கணும் முதலாளி"ன்னு கும்பிட்டுட்டுப் போனான். நான் கடைசியா என் பங்கைத் தோள்ல வச்சுக்கிட்டு நடந்தேன். வீட்டுல பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்ங்கிற நினைப்புதான் எனக்கு, வேற எதுவும் மனசுல இல்ல, என் கை பாட்டுக்கு அதுவா ஒசந்து கோட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுச்சு. நிமிந்து பாத்தா, தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு கித்தேரியம்மா என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் தண்டல் பக்கம் திரும்பி என்னமோ பேசினாங்க.

அன்னைக்கு வயிறு நிறையத் தின்னுட்டுச் செத்த பொணமாத் தூங்கினேன். காலையில பூசை முடிஞ்சு துறைக்குப் போனா, தோணி நின்ன எடத்துல வெறும் தண்ணி. கித்தேரியம்மா இல்ல, அருளப்பன் இல்ல, மத்த ஒன்பது பேரும் இல்ல. அவங்க பெண்டு பிள்ளைங்ககூட இல்ல. அத்தனை வீட்டுக் கதவும் சாத்திக் கெடந்துச்சு. எனக்கு மட்டும் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல.

தஸ்நேவிசு கல்லு மேல ஏறி, பழைய குரல்ல, "மச்சாது தோணி!"ன்னு கூவினாரு. கோட்டு கையைத் தூக்குச்சு. "சரி, ஏத்துங்கல!"ன்னாரு. நாலு பேரு வெங்காய மூட்டையத் தோள்ல தூக்கிக்கிட்டுத் தண்ணிக்குள்ள இறங்கினானுவ, மொழங்கால் வரைக்கும் போனானுவ, இடுப்பு வரைக்கும் போனானுவ, அங்கேயே நின்னு, இதை எங்க வைக்கன்னு கரையில இருந்த கோட்டைத் திரும்பிப் பாத்தானுவ.